உயிரோடிருந்தவருக்கு நேர்ந்த நூறு முட்டை

பாங்காக்கில், அந்தச் சின்ன ஐரோப்பிய நாட்டுத் தூதரின் மாளிகைக் கூடத்தில், இதுவரை வந்துபோன தூதர்களெல்லாம் வரிசையாகச் சுவரில் தொங்கினார்கள். அவர்களுடைய பட்டமும் பதக்கமும் பிரயோங்குக்குத் தெரியாது. அவள் சமையற்காரி, தூசி தட்டுவதும் அவள்தான், பெயர் வைத்ததும் அவள்தான். முதலாமவர் வாய்க்காலில் விழுந்தவர். அடுத்தவர் மிளகாய் தின்று அழுதவர். அதற்கும் அடுத்தவர் நாய்க்கு முத்தம் கொடுத்தவர். ஒன்பதாமவர் முள்ளங்கி ஐயா. வெளுத்து நெடுநெடுவென்று இருப்பார். சந்தைக்காரிகளோடு அவர்கள் பேச்சிலேயே மல்லுக்கு நிற்பார். பிரயோங் இடித்த பப்பாளிக்காய்க் கலவையை மூன்று தட்டு சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

போன மழைக்காலத்தில் சுவர் ஒழுகி, அவருடைய வண்ணப் படம் பூஞ்சை பிடித்தது. அலுவலகத்தில் வேறொன்றைத் தேடி எடுத்து மாட்டினார்கள். கறுப்பு வெள்ளை, பெரிய சட்டம். சாவுச் சடங்கு நடக்கும் புத்தர் கோயிலில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கிற படம் வேறு எப்படி இருக்கும்? பிரயோங் ஒரு பாட்டம் அழுதாள். யாரிடமும் கேட்கவில்லை, சாவை விசாரித்துத் தெரிந்துகொள்வது மரியாதையா? பிக்குகளுக்கு அவர் பேரில் உணவு படைத்தாள். படத்துக்கு மல்லிகை மாலை போட்டாள்.

ஏப்ரலில் அவள் மகன் தோங் கட்டாயப் பட்டாளத்துக்கான சீட்டு எடுக்க வேண்டியிருந்தது. சிவப்பு வந்தால் பட்டாளம், கறுப்பு வந்தால் வீடு. ஊரார் கோயில் கோயிலாக ஓடினார்கள். பிரயோங் கூடத்துக்கு வந்தாள். உப்பைத் தின்றவர் உதவாமலா போவார்? “கறுப்புச் சீட்டு வந்தா நூறு அவிச்ச முட்டை படைச்சு, உங்க முன்னாடி நானே ஆடறேன் ஐயா” என்று நேர்ந்துகொண்டாள். வந்தது கறுப்பு.

நேர்ந்ததைத் தீர்க்காவிட்டால் கொடுத்தது திரும்பிப் போய்விடும். ஆனால் தூதர் வீட்டில் இல்லாத நேரம் வாய்க்கவில்லை. கடைசியில், தேசிய நாள் விருந்தன்று, விருந்தாளிகள் வருமுன் முடித்துவிடலாமென்று முட்டைத் தாம்பாளத்தோடு கூடத்துக்குள் நுழைந்தாள். எதிரே வாசலில், கைத்தடியோடு, முள்ளங்கி ஐயா நின்றார்.

பிரயோங் தாம்பாளத்தைக் கீழே வைத்தாள். முதுகைக் காட்டித் திரும்பினாள். குனிந்து, தன் இரண்டு கால்களுக்கு நடுவே அவரைப் பார்த்தாள்.

“விருந்துக்குக் கூப்பிட்டாங்கன்னு ஊர்லேருந்து வந்தேன். நீ என்னம்மா தேடறே?”

“பேயான்னு பாக்கறேன் ஐயா. இப்படிப் பாத்தாத்தான் பேய் தெரியும்.”

“தெரியுதா?”

“தொப்பைதான் தெரியுது.”

நேர்த்திக்கடன் விஷயம் தெரிந்த காவலாள் பிச்சித் வாசற்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “அக்கா, சாகாதவருக்கு நேந்துட்டியே! இது செல்லுமா செல்லாதா? பட்டாளத்துக்காரன் திரும்பி வந்து உன் பையனைக் கூப்பிடப் போறான் பாரு!”

அவன் வேடிக்கைக்குத்தான் சொன்னான்; பிரயோங்குக்கு முகம் வெளிறிவிட்டது. மடமடவென்று எல்லாவற்றையும் முள்ளங்கி ஐயாவிடம் கொட்டினாள்.

“அன்னைக்கு நான் எங்க ஊர்ல முழங்காலுக்குத் தைலம் தேய்ச்சுக்கிட்டிருந்தேன். உன் பையன் சீட்டு எனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாமயே செஞ்சிருப்பீங்க. நல்லவங்க அப்படித்தான். வாங்கிக்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க ஐயா, எம்புள்ள தப்பிச்சுக்குவான்.”

“நூறு முட்டையா? டாக்டர் ஒண்ணுக்கு மேல கூடாதுன்னுட்டார்.”

“ஒண்ணே போதும். மிச்சம் நாங்க திம்போம், அதான் வழக்கம்.”

“சரி. ஆட்டம் எங்கே?”

அதை அவர் விட்டுவிடுவாரென்று நினைத்திருந்தாள். “ஐயா, ஆளுங்க வர ஆரம்பிச்சுட்டாங்களே...”

“சாமியையே ஏமாத்துவியா?”

“நீங்க எப்பய்யா சாமியானீங்க?”

“மாலை போட்டவளைக் கேளு.”

கிழவர் விளையாடுகிறார் என்று தெரிந்தது. ஆனாலும் மகன் விஷயத்தில் சூதாட அவள் தயாரில்லை. இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்து எறிந்தாள். அமைச்சர்களும் அவர்கள் மனைவிமாரும் பிற நாட்டுத் தூதர்களும் கோப்பையோடு நிற்க, நடுக்கூடத்தில் விரல்களை வளைத்து ஆடினாள். கையில் நளினம் இருந்தது. இடுப்பு மட்டும் ஒத்துழைக்கவில்லை. எல்லோரும் கலை நிகழ்ச்சி என்றெண்ணிக் கைபேசியைத் தூக்கினார்கள். இப்போதைய தூதர் செயலாளரிடம், “அருமை! யார் ஏற்பாடு?” என்று கேட்டார். செயலாளர் தயங்காமல், “நான்தான்” என்றார்.

முள்ளங்கி ஐயா நாற்காலியில் நிமிர்ந்து, சிலை மாதிரி அமர்ந்திருந்தார். ஆட்டம் முடிந்ததும் ஒரு முட்டையை உரித்து மீன் சாற்றில் தோய்த்துத் தின்றார். பிறகு எழுந்து, கூடம் அதிரச் சொன்னார்: “வாங்கிக்கிட்டேன்! பாக்கி ஏதுமில்லை!”

பிரயோங் மண்டியிட்டுக் கும்பிட்டாள். “மிச்சத்தை எடுத்துக்கலாமா ஐயா?”

“எடுத்துக்க.”

முதல் கை நீட்டியவர் ஓர் அமைச்சரின் மனைவி.

பிரயோங் மூச்சு வாங்கச் சமையலறைக்கு ஓடி, மகனைக் கைபேசியில் அழைத்தாள். “டேய் தோங், இனிமே பட்டாளத்துக்காரன் ஒருத்தனும் உன் தலையை மழிக்க முடியாது. நீயா போய் முடியை வெட்டிக்கிட்டு வா. பாக்கச் சகிக்கல.”