வாரேன் என்றால் வரவேண்டும்

என் தங்கச்சியின் முகத்தைக் கடைசியாக நான் பார்த்தது செல்போனில். அங்கே பனி பெய்துகொண்டிருந்தது. யாரென்று தெரியாத ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். அவர் கை குளிரில் நடுங்க, சவப்பெட்டியும் அதைச் சுற்றி நின்ற கறுப்புக் கோட்டுக்காரர்களும் சேர்ந்து ஆடினார்கள். நான் இங்கே கணபதி ஊரில் என் லேத் பட்டறையில் மெஷினை நிறுத்திவிட்டு, எண்ணெய்க் கையோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. அவளே அந்த ஆஸ்பத்திரியில் டாக்டர். என்னிடம் பாஸ்போர்ட் இல்லை. பல்லடத்தைத் தாண்டி ஒரு வேலையும் இல்லாதவனுக்குப் பாஸ்போர்ட் எதற்கு? பெட்டியை இறக்கும்போது திரையின் ஓரத்தில் ஒரு சிவப்புக் குல்லா தெரிந்தது. தங்கச்சியின் மகள். நாலு வயது. அப்பனின் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு, குழியைப் பார்க்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கண்ணு" என்று கூப்பிட்டேன். காற்றுச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது.

தங்கச்சி எனக்குப் பதினாலு வருஷம் இளையவள். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபிறகு பட்டறைக்குப் பின்னால் இருந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடைகிற சத்தத்தில்தான் அவள் படித்தாள். புத்தகத்தின்மேல் படியும் இரும்புத் தூளை வாயால் ஊதி ஊதிப் பக்கம் திருப்புவாள். மெஷின் நின்றால் தலையைத் தூக்கி, "ஏண்ணா நிறுத்திப்போட்ட? சத்தம் இல்லாட்டி எனக்குப் படிப்பு ஏறாது" என்பாள். இங்கே டாக்டருக்குப் படிக்கவைக்க எனக்கு வசதி போதாது என்பதால் ஜார்ஜியா நாட்டுக்கு அனுப்பினேன். திபிலீசி என்ற ஊர். படித்து முடித்தாள், அங்கேயே வேலைக்குச் சேர்ந்தாள், அந்த ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டும் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒதுங்கினார்கள். அவள் செத்த செய்தியைச் சொன்னபோது பெரியப்பா மகன், "அவ அந்த ஊர்க்காரி ஆயிட்டா. நமக்கென்னப்பா தீட்டு?" என்றான். அன்றைக்கு அவனோடு பேச்சை நிறுத்தியவன்தான். இனிமேலும் பேசமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் கூப்பிடுவாள். நான் தமிழில் சொல்வதை அவள் மாப்பிள்ளைக்கு அந்த ஊர்ப் பேச்சில் சொல்வாள், அவன் சொல்வதை எனக்குத் தமிழில் சொல்வாள், நடுவில் குழந்தையை அதட்டுவாள். எங்கள் எல்லாருக்கும் வாய் அவள்தான். அவள் போனபிறகும் மாப்பிள்ளை ஞாயிறு தவறாமல் கூப்பிட்டான். அதற்காகவே அவன்மேல் எனக்கு மரியாதை. ஆனால் என்ன பேசுவது? அவன் "குட்?" என்பான். நான் "குட்" என்பேன். அவனுக்கு அதற்குமேல் இங்கிலீஷ் வராது, எனக்கும் வராது. குழந்தை அம்மாவிடம் பேசிய தமிழ் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போனது. முதலில் "பால்" போனது, பிறகு "பூச்சி" போனது. சித்திரைக்குள் "வா" என்றாலும் அவளுக்குப் புரியவில்லை. திரையில் அவள் என்னைப் பார்ப்பாள், நான் அவளைப் பார்ப்பேன், மாப்பிள்ளை தரையைப் பார்ப்பான். இப்படியே போனால் இன்னும் ஒரு வருஷத்தில் எனக்கு உறவென்று சொல்ல உலகத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்று தெரிந்தது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது.

காந்திபுரத்தில் ஒரு மாடியில், ஜார்ஜியாவுக்கு மருத்துவம் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு அந்த மொழியை ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். மேஜையில் இருந்த பெண், "பையனுங்களா, பொண்ணுங்களா சார்?" என்றாள். நான்தான் படிக்கப் போகிறேன் என்றதும் உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தாள். பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர்கள் என்னை "அங்கிள்" என்றார்கள். எனக்கு அந்த வார்த்தையே பிடிக்காது. டீச்சர் உடுமலைப்பேட்டைப் பக்கத்துப் பெண். அங்கே படித்துவிட்டு வந்து, இங்கே டாக்டராக எழுத வேண்டிய பரீட்சைக்குப் படித்துக்கொண்டே பாடம் நடத்தினாள்.

அந்த எழுத்துகள் லேத்தில் சுருண்டு சுருண்டு விழும் இரும்புச் சீவல் மாதிரி இருக்கும். அதனால் எனக்கு எழுதுவது சிரமமாக இல்லை. வாயில்தான் வரவில்லை. தொண்டையில் மீன்முள் சிக்கினால் துப்புவோமே, அப்படி ஒரு எழுத்து. ஐம்பது வயதுக்குமேல் அதைத் துப்பப் பழகுவது லேசில்லை. முதல் வாரமே எனக்கும் டீச்சருக்கும் தகராறு. அந்த மொழியில் "மாமா" என்றால் அப்பா என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை மாதமாகத் திரையில் குழந்தை "மாமா, மாமா" என்றபோதெல்லாம் "மாமா இங்கதான் இருக்கறேன் கண்ணு" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அவள் பக்கத்தில் நின்ற அப்பனைக் கூப்பிட்டிருக்கிறாள். சரி, தாய்மாமனுக்கு என்ன வார்த்தை என்று கேட்டேன். "பித்ஸா"வாம். சித்தப்பா, பெரியப்பா, தாய்மாமன் எல்லாருக்கும் அது ஒன்றுதானாம். அத்தைக்கும் பெரியம்மாவுக்கும் வேறு வேறு வார்த்தை வைத்திருக்கிறார்கள், தாய்மாமனுக்கு மட்டும் இல்லையா, என்ன பாஷை இது என்று சத்தம் போட்டேன். டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை. "நான் உண்டாக்குன பாஷை இல்லீங்கண்ணா" என்றாள்.

கோபித்துக்கொண்டாலும் வகுப்புக்குப் போவதை நிறுத்தவில்லை. மெஷின் ஓடும்போது வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருப்பேன். ஒரு ஞாயிறு திரையைப் பார்த்து "கமர்ஜோபா" என்று வணக்கம் சொன்னேன். குழந்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் பித்ஸா என்று சொன்னதை அவள் "பித்ஸியா" என்று செல்லமாகத் திருப்பினாள். சாப்பிட்டாயா, என்ன சாப்பிட்டாய், அது என்ன நிறம். இவ்வளவுதான் எனக்குப் பேசத் தெரியும். அவளுக்கு அது போதுமாக இருந்தது. தன் பொம்மை ஒவ்வொன்றையும் எடுத்துவந்து நிறம் கேட்கவைத்தாள். வாரம் முழுக்க நான் பேசிய பேச்சைவிட அந்த அரைமணி நேரத்தில் பேசியது அதிகம்.

போனை வைக்கும்போதுதான் சிக்கல். விடைபெறுவதற்கு "நக்வாம்திஸ்" என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பார்க்கும்வரை என்று அர்த்தமாம். ஆபீசில் ஃபைலை மூடுகிற மாதிரி இருந்தது எனக்கு. எங்கள் பக்கத்தில் யாரும் "போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பமாட்டார்கள். "வாரேன்" என்றுதான் சொல்வோம். சாவு விழுந்த வீட்டில் மட்டும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போவோம். தங்கச்சி ஒவ்வொரு ஞாயிறும் "சரிண்ணா, வாரேன்" என்றுதான் போனை வைப்பாள். வினைச்சொல் பாடம் நடந்தபோது வருகிறேன் என்பதற்கு "மோவ்திவார்" என்று டீச்சர் பலகையில் எழுதினாள். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். யாரையும் கேட்கவில்லை. அந்த ஞாயிறு முதல் போனை வைக்குமுன் "மோவ்திவார்" என்றேன். கேட்டதும் குழந்தைக்கு அப்படி ஒரு சந்தோஷம். துள்ளிக் குதித்துத் திரையை விட்டே ஓடிவிடுவாள். விளையாட ஓடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு நானும் நிம்மதியாகப் பட்டறைக்குத் திரும்புவேன். மாப்பிள்ளை மட்டும் ஏதோ சொல்ல வருகிற மாதிரி கொஞ்சநேரம் என்னைப் பார்ப்பான்.

ஐப்பசியில் ஒருநாள் மத்தியானம் அவன் ஒரு வீடியோ அனுப்பினான். அவர்கள் வீட்டு வாசல்கதவு, உள்பக்கமிருந்து எடுத்தது. கதவுக்கு முன்னால் தரையில் குழந்தை உட்கார்ந்திருந்தாள். கோட்டு போட்டிருந்தாள். ஷூவைக் கால்மாற்றி மாட்டியிருந்தாள். அப்பன் ஏதோ கேட்டான். அவள் திரும்பிப் பார்க்காமல், கதவைப் பார்த்தபடியே, "பித்ஸியா மோதிஸ்" என்றாள். மாமா வருகிறார். யாரும் அர்த்தம் சொல்லாமல் நானாகப் புரிந்துகொண்ட முதல் வாக்கியம் அதுதான். மெஷினில் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே இருந்தது. நிறுத்த மறந்து, அந்த ஒன்று வீணாய்ப் போனது.

வகுப்பு இல்லாத நாள். இருந்தாலும் பஸ் பிடித்துப் போய் டீச்சரிடம் வீடியோவைக் காட்டினேன். இரண்டு தரம் பார்த்தாள்.

"பாப்பாகிட்ட வாரேன்னு சொன்னீங்களாண்ணா?"

"ஆமா. போனை வெக்கறப்ப வேறென்ன சொல்றது?"

"நாம வாரேன்னா போறோம்னு நமக்குத் தெரியும். அங்க வாரேன்னா வாரதுதானுங்க. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நீங்க கிளம்பிட்டீங்கன்னு நெனச்சுட்டுப் பாப்பா கதவுகிட்டப் போய் உக்காந்திருக்குது."

மாற்று என்ன என்று கேட்டேன். போகிறேன் என்பதற்கு "மிவ்திவார்". ஒரே ஒரு சத்தம்தான் வித்தியாசம் என்று எழுதிக் காட்டினாள்.

"தாயைத் தூக்கிக் குடுத்த ஊட்டுல, அந்தக் கொளந்தைகிட்ட நான் போறேன்னு சொல்லணுமா அம்மணி? என்ற வாயில அது வராது."

"அப்ப நக்வாம்திஸ் சொல்லுங்கண்ணா. அதுல போறதும் இல்ல, வாரதும் இல்ல" என்றாள்.

அடுத்த ஞாயிறு அப்படியே சொன்னேன். குழந்தை ஓடவில்லை. முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். மூக்கும் ஒரு கண்ணும் மட்டும் தெரிந்தது. "அர் மோதிஹார்?" என்றாள். வரமாட்டாயா என்று கேட்கிறாள். மாப்பிள்ளை எழுந்து சமையலறைப் பக்கம் போய்விட்டான். இல்லை என்பதற்கு "அரா" என்ற வார்த்தை எனக்குத் தெரியும். சொல்ல முடியவில்லை. "மோவ்திவார்" என்றேன். இந்தத் தடவை விடைபெறுவதற்காகச் சொல்லவில்லை. அவள் உடனே "ரோதிஸ்?" என்றாள். அந்த வார்த்தையை நான் படித்திருக்கவில்லை. இன்னொரு தரம் கேட்டுவிட்டு, பதில் வராததால் இறங்கிப் போய்விட்டாள். டீச்சருக்கு எழுதிக் கேட்டேன். "எப்பன்னு கேக்குதுங்கண்ணா" என்று பதில் வந்தது.

மறுநாள் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டேன். விசாரிக்க வந்த போலீஸ்காரர் பட்டறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "அங்க யாருங்க இருக்கறாங்க உங்களுக்கு?" என்றார். "என்ற தங்கச்சி ஊடுங்க" என்றேன். அதில் பொய் ஒன்றுமில்லை. பாஸ்போர்ட் வந்துவிட்டது. விசா இன்னும் வரவில்லை. வருகிறவரை தேதி எதுவும் சொல்லிவைக்காதீர்கள் என்று டீச்சர் சொல்லியிருக்கிறாள். கையில் இருக்கிற வேலையை முடித்துக்கொடுக்கவும் எனக்குச் சித்திரை ஆகிவிடும்.

போன ஞாயிறு குழந்தை மறுபடியும் "ரோதிஸ்?" என்றாள். நான் தயாராக இருந்தேன். "ஸாப்குல்ஷி" என்றேன். கோடையில் என்று அர்த்தம். அவள் அப்பனைப் பார்த்தாள். அவன் ஜன்னலுக்கு வெளியே நின்ற மரத்தைக் காட்டி நிதானமாக ஏதோ சொன்னான். இலை வந்தபிறகு என்று சொல்லியிருப்பான். எனக்குப் பாதிதான் புரிந்தது. மரத்தில் ஒரு இலை இல்லை, கிளையெல்லாம் பனி. அவள் போனை அப்பன் கையில் கொடுத்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு போனாள். கதவுப் பக்கம் போகவில்லை. ஜன்னல் ஓரத்தில் போட்டு, ஏறி உட்கார்ந்து, மரத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். போனை வைக்க மாப்பிள்ளைக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.