முகர்ந்து பார்த்துச் சொன்ன பொய்

மாட்டுங்காவில் பாதிப் பேரைப் படுக்க வைத்த ஃப்ளூ ஜுரம் என்னை விட்டு ஐந்து நாளாகிறது. ஆனால் எந்த வாசனையும் தெரியவில்லை. பயத்தில் வீட்டில் சொல்லவில்லை.

நிவேதனத்துக்கு முன் அம்மா எதையும் ருசி பார்க்க மாட்டாள். கொதிக்கும் வாசனையிலேயே உப்பைக் கண்டுபிடித்துவிடுவாள்.

இன்று என்னைக் கூப்பிட்டாள். "சாம்பார்ல உப்பு போறுமா? மோந்து சொல்லுடி."

அம்மாவுக்கும் ஜுரம் வந்து போயிருந்தது. பாத்திரத்தின் மேல் குனிந்து மோந்து பார்த்தேன்.

"போறும்மா" என்றேன்.

எதிர்வீட்டு மாமி ஓடிவந்தாள். "சாம்பார் அடிப்பிடிச்சுத் தீயறது. ரெண்டு பேரும் அடுப்பண்டையே நின்னுண்டு என்ன பண்றேள்?"

நாளைக்கு ஸ்டவ்விலிருந்து மண்ணெண்ணெய் கசிந்தால்?

தோழிகளே, உங்களுக்கு வாசனை எத்தனை நாளில் திரும்பியது? எழுதுங்கள். அதுவரை மாமியைக் கதவைத் திறந்தே வைக்கச் சொல்லியிருக்கிறோம்.