பதினான்காம் எண் இடத்தில் ஒரு ரிவர்ஸ்

மொன்டானா மாநிலத்திலேயே வீட்டு வண்டியை ரிவர்ஸ் எடுப்பதில் வெர்னாவை மிஞ்ச ஆளில்லை. அவள் எடுத்த எடுப்பில் மரத்திலிருந்த அணில்கூட வாலை அசைக்கவில்லை. சரி, மாநிலம் என்பது கொஞ்சம் அதிகம், அணிலும் கைச்சரக்குதான். அந்த முகாமில், அந்த வரிசையில், அன்றைக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிளேசியர் தேசியப் பூங்காவின் வாசலை ஒட்டிய முகாமுக்கு அவளும் கணவர் ஹார்லனும் முப்பத்தெட்டு கோடைகளாக வருகிறார்கள். அடுப்பு, படுக்கை, குளியலறை எல்லாம் உள்ளேயே அடங்கிய முப்பதடி வண்டி. இத்தனை வருடமும் ஓட்டியது ஹார்லன், பின்னால் நின்று கை காட்டியது வெர்னா. போன குளிர்காலத்தில் ஹார்லனின் பார்வைக்கு நடுவே புகைமூட்டம் ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது. இப்போது யார் முகத்தைப் பார்த்தாலும் அவருக்குக் காது மட்டும்தான் தெரிகிறது.

"நேரா ஓட்டிட்டு நீ வந்துடுவ. பின்னாடி எடுத்து நிறுத்தணுமே? எதுலயாவது இடிச்சன்னா திங்கக்கிழமையே வித்துடுவோம்" என்று கிளம்பும்போதே சொல்லிவிட்டார். வாங்க ஓர் ஆளும் தயாராக இருந்தார்.

பதினான்காம் எண் இடம். இடது பக்கம் பைன் மரம், வலது பக்கம் பாறை. வண்டி வந்ததுமே எதிர்வரிசையில் மடக்கு நாற்காலிகள் விரிந்தன. வருகிறவர்கள் ரிவர்ஸ் எடுப்பதை வேடிக்கை பார்ப்பதுதான் அங்கே சாயங்காலப் பொழுதுபோக்கு. வருடா வருடம் வரும் டுவேன், பீர் டப்பாவோடு முன்னால் உட்கார்ந்தார்.

"ஸ்டியரிங்ல வெர்னாவா? எல்லாரும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னாடி தள்ளிப் போடுங்கப்பா."

ஹார்லன் இறங்கி, வழக்கமாக அவள் நிற்கும் இடத்தில் போய் நின்றார். அவருக்குப் பாறையே தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். "போய் உக்காரு" என்று சொல்ல மனசு வரவில்லை.

கண்ணாடியில் அவர் கை வலப்புறம் வீசியது. அங்கே பாறை. வெர்னா வண்டியை இடப்புறம் ஒடித்தாள். முப்பத்தெட்டு வருடம் பின்னால் நின்று பார்த்த கண்ணல்லவா, வால் எங்கே வந்து விழும் என்று அதற்குத் தெரியும். அவர் கை தலைக்கு மேலே போய், காதைச் சுற்றியது. எந்த ஊர்ச் சைகையோ.

"சரி சரி, பாத்துட்டேன்" என்று ஜன்னல் வழியே சொல்லிவிட்டுத் தன் போக்கில் எடுத்தாள். நின்றாள், முன்னே போனாள், திரும்ப வந்தாள். மூன்றாவது தடவை சக்கரம் சரளைக்கல்லை நொறுக்கிக்கொண்டு நின்றது. பாறைக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு ரொட்டித் துண்டைச் செருகலாம்.

நாற்காலிகளிலிருந்து கைதட்டல் வந்தது.

ராத்திரி வெளியே மூட்டிய அடுப்பில் சாசேஜைப் புரட்டிக்கொண்டே, சாப்பிட வந்த டுவேனிடம் வெர்னா சொன்னாள்: "எல்லாம் ஹார்லன் காட்டுன கைதான். இல்லன்னா பாறை மேலயே ஏத்தியிருப்பேன்."

ஹார்லன் சத்தம் வந்த திசையில் தட்டை நீட்டினார்.

"திங்கக்கிழமை அந்த ஆளை வரவேணாம்னு சொல்லிடு, வெர்னா. அப்புறம் டுவேன், இவ சொல்றதை நம்பாதீங்க. நான் எங்க கை காட்டினேன்? கொசு அடிச்சிட்டு இருந்தேன்."