கிராணிக்குப் போட்ட நாற்காலி

என் அக்கா நவமணிக்கு வாயும் கையும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. கோல சிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பதினோரு வருடம் புல்லுக்கு மருந்து அடித்தவள். முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டால், வேலை வாங்குகிற மண்டோரை நக்கலடித்தபடியே எல்லோருக்கும் முன்னால் வேலையை முடித்துவிட்டு நிற்பாள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, தோட்டத்தில் அவள் பெயர் இருந்தால்தான் லயத்து வீடு. பெயரை வெட்டினால் ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும். மகள் அமராவதி அந்த வருடம் ஐந்தாம் படிவம், பள்ளியில் கடைசி வருடம். அவள் சோதனை எழுதி முடிக்கிறவரை பெயர் நின்றால் போதும் என்று அக்கா மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தாள்.

எனக்குச் செரண்டாவில் தொழிற்சாலை வேலை. எண்பத்தாறில் வால்வெள்ளி வருகிறது என்று பத்திரிகைகளில் ஒரே அமர்க்களம். எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. பழைய டெலஸ்கோப் ஒன்றை வாங்கி, மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். படித்தவன் என்று தோட்டத்துக்குக் காட்ட வேண்டுமே!

மார்ச் மாதம். முந்தின சாயங்காலம் கொட்டிய மழையில் பந்துத் திடல் ஊறிக் கிடந்தது. விடியற்காலை நாலரை மணிக் குளிரில் பல் கிட்டியது. பெண்கள் துண்டைப் போர்த்திக்கொண்டு வரிசையில் நின்றார்கள். தோட்டத்து ஆபீசில் பெயர்ப் பதிவைக் கையில் வைத்திருக்கும் பெரிய கிராணி நடராஜாவும் ஸ்வெட்டரோடு வந்துவிட்டார். கிராணி வந்தால் நாற்காலி போடாத தோட்டம் எது? நானே ஓடிப்போய் அக்கா வீட்டு நாற்காலியைத் தூக்கிவந்து, டெலஸ்கோப்புக்குப் பக்கத்திலேயே போட்டு உட்கார வைத்தேன்.

"பஞ்சு மாதிரில்ல இருக்கு", "இதுக்கா லா இந்தப் பாடு" என்று ஒவ்வொருவராகப் பார்த்துச் சிரித்தார்கள். அக்கா மட்டும் பின்னால் நழுவிக்கொண்டே இருந்தாள். நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். இடது கண்ணை வைக்கப் போனாள்.

"இப்படி இல்லக்கா, சோத்துக்கைப் பக்கத்துக் கண்ணால பாரு" என்று அவள் இடது கண்ணை என் உள்ளங்கையால் மூடினேன்.

"ஒண்ணும் தெரியல தம்பி."

"நல்லாப் பாரு."

"இருட்டாத்தான் இருக்கு. விடுறா."

அந்தக் குழாயை அசையாமல் நிறுத்த நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எரிச்சலில் கத்திவிட்டேன். "அத்தன பேருக்கும் தெரியுது, ஒனக்கு மட்டும் கண்ணு அவிஞ்சா போச்சு?"

அந்த வாயாடி பேசாமல் நின்றதிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நாற்காலியில் இருந்தவருக்குப் புரிந்துவிட்டது. எழுந்து வந்து, அவள் இடது கண்ணை மூடச் சொல்லி, டார்ச் வெளிச்சத்தில் கையை நீட்டினார்.

"எத்தன விரல்மா?"

"ரெண்டுங்க."

அவர் விரலையே விரிக்கவில்லை. கையை மூடித்தான் வைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அக்கா சொன்னாள். வலது கண்ணில் புல்மருந்து தெறித்து இரண்டு வருடமாம். "தோட்டத்துக் கிளினிக் டிரெசர்கிட்ட மருந்துக்குப் போனா அவரு கிராணிகிட்ட சொல்லுவாரு. கிராணி பேர வெட்டுவாரு. ஒனக்குத் தெரிஞ்சா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு குதிப்ப. அதான் சொல்லல." என் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது.

ஆறு மணிக்குப் பெரட்டு. மண்டோர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். அக்கா பம்பைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் பெயர் வரவில்லை. மற்றவர்கள் லோரி ஏறிப் போன பிறகும் நின்றுகொண்டே இருந்தாள். கண் தெரியாதவளை மருந்தடிக்க விட்டால் தோட்டத்துக்குப் பொல்லாப்பு என்றார் கிராணி. கண்ணைக் கெடுத்த மருந்தால் மட்டும் யாருக்கும் பொல்லாப்பு இல்லை போலும்.

அன்று வேலை விட்டதும், அக்காவோடு மருந்தடிக்கிற காளியம்மா பின்கட்டு வழியாக வந்தாள். கதவைச் சாத்தச் சொன்னாள்.

"தம்பி, அந்தக் குழாய்ல எனக்கும் ஒருக்காப் பாத்துச் சொல்லு. எந்தக் கண்ணு மங்குதுன்னு எனக்கு மட்டும் சொல்லு."

"அதுக்குக் குழாய் எதுக்குக்கா? ஒரு கண்ண மூடிப் பாத்தாலே தெரிஞ்சிடுமே."

"அது எனக்குத் தெரியாதா? தனியா மூடிப் பாக்கப் பயமா இருக்கு தம்பி."