பின்சீட்டுக்காரியிடம் ஒரு கேள்வி

போன வருடம் மார்கழி மாதம், பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது. என் கணவர் பழைய பைக்குகளை வாங்கி, சரிபார்த்து விற்பவர். விற்கிற வரை அந்த வண்டிகளில்தான் நாங்களும் ஊர் சுற்றுவோம். அப்போது ஒரு பெரிய பைக் வெகுநாளாக விலை போகாமல் நின்றது. அது போனால்தான் அடுத்த வண்டி வாங்க முடியும் என்ற நிலை.

ஒருநாள் காலையில் வயதான வெள்ளைக்காரத் தம்பதி வந்தார்கள். இங்கே ஒரு வண்டி வாங்கி, அதிலேயே காஷ்மீர் வரை போகப்போகிறார்களாம். அவர் ஓட்டுவார், அந்த அம்மா பின்னால். கேட்ட எனக்கே தலை சுற்றியது.

என் கணவருக்கு ஒரே உற்சாகம். இன்ஜின், டயர், பிரேக் என்று அடுக்கிக்கொண்டே போனார். வெள்ளைக்காரரும் தலையாட்டினார். அந்த அம்மா மட்டும் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு இறங்கி, காபியோடு நின்ற என்னிடம் வந்தார். நான் பிளஸ் டூ படித்தவள். அவர் நிறுத்தி நிதானமாகப் பேசிய ஆங்கிலம் புரிந்தது.

"இதில் பின்னால் உட்கார்ந்து தூரமாகப் போயிருக்கிறீர்களா? உடம்பு தாங்கியதா?"

"நல்லாருக்குன்னு சொல்லுட்டி" என்று கணவர் கண்ணைக் காட்டினார்.

அந்த வண்டி விற்றாக வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் காஷ்மீர் வரை அந்த அம்மாவின் இடுப்பு என்ன ஆகும் என்று நினைத்தபோது பொய் வரவில்லை. ஒரு விசேஷத்துக்காக இதே வண்டியில் பாபநாசம் போனதையும், வழியில் ஆழ்வார்குறிச்சிக்குப் பிரியும் விலக்கு வருவதற்குள் கால் மரத்துப்போனதையும், அங்கே அக்கா வீட்டில் வேலை இருக்கிறது என்று சாக்குச் சொல்லிப் பஸ்ஸில் திரும்பியதையும் தெரிந்த ஆங்கிலத்தில் கொட்டிவிட்டேன்.

"வந்த ஏவாரத்தைக் கெடுத்துட்டியேட்டி!" என்று கணவர் பல்லைக் கடித்தார்.

அந்த அம்மா சிரித்தார். தன் கணவரை ஓட்டச் சொல்லி, என் கணவரைப் பின்சீட்டில் ஏறச் சொல்லிக் கை காட்டினார். வியாபாரமாயிற்றே, மறுக்க முடியுமா? பாபநாசத்துக்குப் பாதி தூரம்கூட இல்லாத சேரன்மகாதேவி வரை போய்த் திரும்பினார்கள். இறங்கும்போது என் வீட்டுக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கோணலாக நின்றார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"ஏட்டி, இதுலயா பாபநாசம் வரைக்கும் வந்த? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கவே இல்லயே" என்றேன். அவர் நேராகப் பின்சீட்டைக் கழற்றப் போனார்.

பின்சீட்டை அகலமாக்கித் தைத்து, ஷாக் அப்சார்பரை மாற்றி, சாய்ந்துகொள்ள முதுகுக்கு ஒரு திண்டும் வைத்துக் கொடுத்தார். இந்தத் தடவை அந்த அம்மா தாமிரபரணிப் பாலம் வரை போய் வந்துதான் சரி என்றார். கிளம்பும்போது என் கையை விடாமல் பிடித்துக்கொண்டார். எனக்கு ஏனோ அழுகை வந்துவிட்டது.

இப்போதெல்லாம் யார் வண்டி பார்க்க வந்தாலும், "வீட்ல உள்ளவங்களையும் கூட்டிட்டு வாங்க, பின்னால உக்காந்து பாக்கட்டும்" என்கிறார் என் கணவர். நானும் மாறிவிட்டேன். யாராவது கேட்டால்தான் வலியைச் சொல்ல வேண்டும் என்று அத்தனை வருடம் வாய்மூடி உட்கார்ந்து வந்தவள், இப்போது கேட்காவிட்டாலும் அவர் தோளைத் தட்டி வண்டியை நிறுத்தச் சொல்கிறேன்.