தொப்பி போட்ட பாக்கும் எங்கட பௌசியா ராத்தாவும்

முதல்ல என்ட வெட்கக்கேட்டைச் சொல்லிடுறேன். பௌசியா ராத்தா மௌத்தாகிட்டா என்று வட்ஸ்அப்பில வந்த செய்திக்கு, கண்ணாடி போடாம நான் சிரிக்கிற மூஞ்சியை அமத்திட்டேன்.

மகள் கண்டுதான் அழிச்சா. அதுக்குள்ள குறூப்பில பாதிப் பேர் பார்த்தாச்சு...

ஓம், நம்ம பௌசியா ராத்தாதான். கற்பிட்டி லொட்ஜ்ல என்னோட பெட்சீட் மடிச்ச ராத்தா. இன்றைக்கு சுபஹுத் தொழுகைக்கு எழும்பல்ல. நித்திரையிலேயே போயிட்டா.

அழுதுகொண்டு எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனா அவவ நினைச்சா எனக்கு அந்தக் கார்ட் கதைதான் வருது. அது வந்தா வாய் தன்னால விரியுது. கேளுங்க.

ஒரு வருசம் கச்சான் காத்து வீசுற சீசன்ல, இடுப்பில பட்டம் கட்டிக் கடல்ல பலகையில ஓட வந்த வெள்ளைக்காரப் பொம்பள ஒராள், போகும்போது ரூம்ல ஒரு சின்ன மெஷினை விட்டுட்டுப் போயிட்டா. கைபிடி வைச்சது. கூடவே இலை உருவத்தில கொஞ்சம் தகட்டு அச்சு. கடதாசியையும் அச்சையும் சேர்த்து உள்ள குடுத்துச் சுத்தினா, மற்றப் பக்கத்தால இலை வெட்டுப்பட்டு வரும்.

முதல் இலை வந்தப்ப ரெண்டு பேரும் போட்ட சத்தத்துக்கு, பாம்பு என்று நினைச்சு லொட்ஜ் மெடம் தும்புத்தடியோட ஓடி வந்தா.

மெடம்தான் விளக்கினா. அவங்கட நாட்டில இலை கொட்டுற காலத்துக்கு வாழ்த்துக் கார்ட் செய்ற சாமானாம். இலை கொட்டுறதுக்கெல்லாமா வாழ்த்து என்று நான் கேட்டேன். ராத்தாட கண் அந்த இலையிலதான்.

பிறகென்ன... இலைக்கு மேல இலை. அடியில கபிலம், அதுக்கு மேல செம்மஞ்சள், உச்சியில மஞ்சள். கபிலத்துக்குக் கடதாசியைப் பிளேன்டீயில ஊறப்போட்டோம். மஞ்சளுக்கு மஞ்சள் தூள். செம்மஞ்சளுக்கு மிளகாய்த்தூள் போட்டுப் பார்த்தது நான். அன்றைக்கு லொட்ஜ் முழுக்கத் தும்மல்.

இலை படுத்துக் கிடக்காம எழும்பி நிக்கணுமே. அதுக்குக் கடற்கரையில ஒதுங்கின இறப்பர் செருப்பைச் சின்னச் சின்னத் துண்டா நறுக்கி இடையில ஒட்டினா ராத்தா. என்ட செருப்பிலயும் ஒன்று காணாமப் போச்சு. கேட்டதுக்கு, கடல் கொண்டுவந்ததாம்.

கொஞ்ச நாளில ஊர் முழுக்க எங்கட கார்ட். இருந்ததே இலை அச்சும் ஒரு கொட்டை அச்சும்தான். அதால பெருநாளுக்கும் இலை, கலியாணத்துக்கும் இலை. அந்தக் கொட்டை என்னவென்று எங்களுக்கும் தெரியாது. தொப்பி போட்ட பாக்கு மாதிரி இருக்கும்.

ஒரு கலியாண வீட்டுக்காரர் கார்ட்டை அங்கயும் இங்கயும் திருப்பிப் பார்த்து, இது என்ன காய் என்று கேட்டார்.

"அது மாப்பிள்ளை. தொப்பி போட்டிருக்கார், விளங்கல்லையா?"

ஒரு சிரிப்பும் இல்லாம சொன்னா ராத்தா. மனிசன் தலையாட்டிட்டு வாங்கிட்டுப் போனார். நான் குசினிக்குள்ள ஓடிட்டேன்.

மெடத்துக்குத்தான் பொறுக்கல்ல. பெட்சீட் மடிக்கிற மேசை நிறைய இலை. கடைசியில சொல்லிட்டா... கார்ட்டை ரிசப்ஷன்ல வைச்சுப் பாருங்க, சீசன் முடியிறதுக்குள்ள வெள்ளைக்காரர் ஒராளாவது எடுத்தா சரி, இல்லாட்டி மெஷினைப் பூட்டி வைச்சிடுவேன் என்று.

ஒருத்தரும் எடுக்கல்ல. கையில எடுப்பாங்க, பார்ப்பாங்க, வைச்சிடுவாங்க.

ராத்தாக்கு சோறு இறங்கல்ல. "நம்மட இலை பிழையோ புள்ள? கண்ணால காணாத சாமானையெல்லோ செய்றோம்." இதே கதைதான் நாள் முழுக்க. நான் விட்ட பகிடி ஒன்றும் எடுபடல்ல.

சீசன் முடியிற கிழமை ஒரு ஜெர்மன்காரி வந்தா. கார்ட்டை எடுத்தா... வைக்கல்ல! மேல் இலையை விரலால தடவித் தடவிப் பார்த்தா. பிறகு மெடத்திட்ட இங்கிலீசில என்னவோ கேட்டா. மெடம் எங்களுக்குச் சொன்னா, இதைச் செய்த ஆள் இலை கொட்டுற காலத்தைக் கண்டிருக்காவா என்று கேட்கிறாவாம்.

"ஓம்" என்றா ராத்தா.

சிலாபம் டவுனைத் தாண்டாத மனிசி! நான் இடுப்பில ஒரு கிள்ளுக் கிள்ளினேன். அசையல்ல. எங்க கண்டீங்க என்று அடுத்த கேள்வி வந்தது.

ராத்தா அந்தப் பொம்பளட கையைப் பிடிச்சுக் குசினிக்குப் பின்னால கூட்டிட்டுப் போனா. நாங்க பின்னால ஓடுறோம்.

அங்க எங்கட கொட்டம்பா மரம், நாட்டு வாதுமை என்பாங்களே, அது. அடியில சிவப்பும் கபிலமும் மஞ்சளுமா, மண்ணே தெரியாத அளவுக்கு இலை...

அது நான் காலையில கூட்டியிருக்க வேண்டிய இடம். கூட்டல்ல. முந்தின நாளும் கூட்டல்ல.

ஜெர்மன்காரி செருப்பைக் கழட்டிட்டு இலைக்குள்ள நடந்தா. சரக் சரக் என்று. திரும்பி வந்தப்ப கண் நனைஞ்சிருந்தது. இருந்த கார்ட் அவ்வளவையும் அவவே எடுத்திட்டா, மாப்பிள்ளைமார் உட்பட.

மெடம் இலையைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, உள்ளுக்குப் போயிட்டா.

ராத்தா என்ட காதுக்குள்ள சொன்னா, "இனி நீ இந்தப் பக்கம் கூட்டவே வேணாம் புள்ள." அன்றைக்கு ரெண்டாந்தரமும் சோறு போட்டுத் தின்டா. மீன் தலையும் அவவுக்குத்தான்.

அதுக்குப் பிறகு மெஷினை ஒருத்தரும் பூட்டல்ல. போன கிழமை வரைக்கும் சுத்தினோம்.

இன்றைக்கு அசருக்குப் பிறகு அடக்கியாச்சு. மெடமும் மையத்து வீட்டுக்கு வந்தா. பின்னேரம் மெஷினை என்ட வீட்டுக்கே அனுப்பிட்டா, இனி உன்ட பொறுப்பாம்.

போங்க ராத்தா. அல்லாஹ் ஒங்களுக்கு இலை கொட்டாத தோட்டம் ஒன்று தரட்டும்... இல்ல, கொஞ்சம் கொட்டினாலும் பரவாயில்ல. நீங்க ஆசைப்படுவீங்க.

மஃரிபுக்குப் பிறகு தனிய இருந்து ஒரு இலை வெட்டினேன். தலையில போட்டிருந்த சோலின்ட நுனியும் மெஷினுக்குள்ள போயிட்டுது. இலை நல்லா வந்திருக்கு. சோலில ஒரு இலை அளவுக்கு ஓட்டை இருக்கு.