கண்டம் ஆகாத ஜீப்

போன வாரம் சட்னி அரைக்கும்போது மிக்ஸியிலிருந்து கருகல் வாசனை வந்தது. வயரின் மேலுறை சூடேறி இளகும்போது வருமே, அந்த வாசனை. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, பழசாகிவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாம் என்றார். எனக்கு வந்ததே கோபம். என்ன ரிப்பேர் என்று பார்க்காமலே தூக்கிப் போடச் சொல்கிறவர்களோடு எனக்கு ரொம்ப நாள் பகை. ஸ்க்ரூ டிரைவரும் கையுமாகத் தரையில் உட்கார்ந்தேன். மூக்கு மட்டும் என்னை விட்டுவிட்டுப் பெங்களூர் தொம்மலூருக்குப் போய்விட்டது.

தொண்ணூறுகளின் நடுவில் அங்கேதான் எனக்கு முதல் வேலை. ஆனேக்கல் பக்கத்துக் கிராமங்களில் கிணற்றுத் தண்ணீரையும் போர்வெல் தண்ணீரையும் பாட்டிலில் பிடித்து வந்து சோதிக்கிற சின்ன ஆபீஸ். மழை பெய்தால் அந்தப் பாதைகளில் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் போகும். எங்களிடம் அப்படி ஒரே ஒரு பழைய ஜீப் இருந்தது. ஓட்டியவர் லிங்கராஜபுரத்து அந்தோணி அண்ணன். முன்கண்ணாடியில் வேளாங்கண்ணி மாதா படம், வாய் நிறைய வெற்றிலை. வேலை நிரந்தரம் இல்லை. வண்டி இருக்கும்வரை அவர் இருப்பார், அவ்வளவுதான்.

அந்த ஜீப்புக்கு ஒரு தீபாவளி சமயத்தில் புத்தி பேதலித்தது. பிரேக்கை மிதித்தால் டீசல் முள் மேலே ஏறும். டேங்கில் ஒரு சொட்டு ஊற்றாமல் பிரேக்கை மிதித்தே டீசல் நிரப்பிய ஒரே வண்டி எங்களுடையதுதான் என்று ஊரெல்லாம் பெருமை பேசலாம். வலது பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டால் நம்பர் பிளேட் விளக்கு கண்ணடிக்கும். ஹெட்லைட் போட்டிருக்கும்போது பின்னால் பிரேக் லைட் சில சமயம் எரியும், சில சமயம் எரியாது என்று பின்னால் வந்த பஸ்காரர்கள் திட்டினார்கள். பியூன் நஞ்சப்பா எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோர்த்து பம்பரில் கட்டினார். மாதா ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் நிர்வாக அதிகாரி ஒரு தாளை நீட்டினார். வாகனம் உபயோகத்துக்கு லாயக்கில்லை, கீழே உபயோகிப்பவர் கையெழுத்து. ஆபீஸ் பாஷையில் இதற்குக் கண்டம் பண்ணுவது என்று பெயர். ஜாதகத்தில் இருக்கிற கண்டத்துக்காவது பரிகாரம் உண்டு, ஆபீஸ் கண்டத்துக்கு ஏலம்தான். ஏலம் போனால் அந்தோணி அண்ணன் வீட்டுக்கு, நான் டைப்ரைட்டர் மேஜைக்கு.

"ஒரு கையெழுத்து தானேம்மா, போட்டுட்டுப் போங்க."

"என்ன ரிப்பேர்னே தெரியாம லாயக்கில்லன்னு எப்படி சார் எழுதறது? வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க."

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. கார் எலக்ட்ரிக்கல் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ப்ளஸ்டூ பௌதிகம். தைரியத்துக்கு மட்டும் குறைவில்லை.

பக்கத்துத் தெருவில் பஷீர் பாய் என்று ஆட்டோ எலக்ட்ரீஷியன். அவருடைய ஷெட் அகலமான பீரோ அளவுதான் இருக்கும், உள்ளே எப்போதும் இதே வயர் கருகல் வாசனை. டேஷ்போர்டுக்கு வெளிச்சம் வேண்டும் என்பதால் ஜீப்பின் மூக்கைத் தெருப்பக்கம் வைத்து, பின்பக்கத்தைச் சுவரோடு நெருக்கி நிறுத்தினோம். ஸ்டெப்னி வேறு நடுவில் துருத்திக்கொண்டு நின்றது. இடதுபக்க இடுக்கில் நஞ்சப்பா, வலதுபக்க இடுக்கில் பாய். அவரவருக்கு அவரவர் பக்கத்து விளக்கு மட்டும்தான் தெரியும். அந்தோணி அண்ணன் ஹெட்லைட்டைப் போட்டு பிரேக்கை மிதிப்பார். பின்னால் இருந்து இரண்டு பேரும் கத்துவார்கள். நான் நோட்டில் எழுதுவேன்.

இரண்டு நாள் எழுதினேன். இரண்டு பேரும் கத்தியது ஒரே வார்த்தை. அதை அப்படியே தமிழில் எழுதினேன்: பந்து. இடது, பந்து. வலது, பந்து. பக்கம் பக்கமாகப் பந்து. விளையாட்டுச் சாமான் கடைக்காரர்கூட அவ்வளவு எழுதியிருக்க மாட்டார். கன்னடத்தில் 'வந்தது' என்று அர்த்தம். இரண்டு விளக்குமே எரிகின்றன, ஆக பின்னால் கோளாறு இல்லை என்று நான் அடித்துச் சொன்னேன். பாயோ இரண்டும் எரியவில்லை, கோளாறு முன்னால்தான் என்று டேஷ்போர்டைப் பிரித்துக் குடலை உருவிப் போட்டார். எனக்கு அவர் பைத்தியமாகத் தெரிந்தார். அவருக்கு நான் எப்படித் தெரிந்தேனோ, மரியாதைக்குச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் பொறுமை போய்விட்டது. அந்தோணி அண்ணன் இரண்டு நாளாக வெற்றிலைகூடப் போடவில்லை. பெரிய மகளுக்குப் பரீட்சை ஃபீஸ் கட்டுகிற நேரம் என்று ஒருமுறை சொன்னார். நோட்டை சீட்டில் எறிந்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பாய் நின்ற இடுக்கில் நானும் நுழைந்தேன். பிரேக் மிதிபட்டது. எங்கள் கண் முன்னால் எரிந்துகொண்டிருந்த விளக்கு அணைந்தது. பாய் கத்தினார், பந்து என்று.

"என்ன பாய், அணைஞ்சு போச்சு, வந்துச்சுன்னு கத்துறீங்க?"

"நான் எங்க மேடம் வந்துச்சுன்னு சொன்னேன்? பந்த்னு சொன்னேன். பந்த். கடைய மூடறோமே, அந்த பந்த்."

அந்தப் பக்கத்திலிருந்து நஞ்சப்பா, தான் சொன்னது வந்ததைத்தான் என்று கன்னடத்தில் சத்தியம் செய்தார். அவருக்கு விளக்கு வந்தது, இவருக்கு பந்த் ஆனது. டீசல் எஞ்சின் சத்தத்தில் இரண்டும் ஒன்றாகக் கேட்டன, என் தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகவே ஆகிவிட்டன. இத்தனைக்கும் நாலு பேருக்குமே கன்னடமும் தெரியும், உருதுவும் தெரியும், தமிழும் தெரியும். எல்லாம் தெரிந்ததால்தான் யாரும் யாரையும் கேட்கவில்லை.

இடது எரிகிறது, வலது மட்டும் அணைகிறது என்றதுமே பாய் தலையில் அடித்துக்கொண்டார். வலது விளக்கைக் கழற்றினார். எர்த் வயரை வண்டியின் தகரத்தோடு சேர்க்கிற ஸ்க்ரூவுக்கு அடியில் கெட்டியாகப் பச்சைப் பெயின்ட். டீசல் மீட்டருக்கும் அதே எர்த்துதான். தகரத்தைத் தொட முடியாத கரண்ட், கிடைத்த விளக்கு வழியாகவெல்லாம் புகுந்து வழி தேடியிருக்கிறது. உப்புத்தாளால் இரண்டு நிமிடம் தேய்த்தார். டீசல் முள் தன் வறுமையை ஒப்புக்கொண்டு கீழே இறங்கியது.

நாலு மணிக்கு அதிகாரியைக் கூப்பிட்டு வண்டிக்குப் பின்னால் நிற்க வைத்தேன். எல்லா விளக்குகளும் எரிந்தன. அவர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"பெயின்ட்கூட நல்லாத்தானே இருக்கு."

"அதுதான் சார் ரிப்பேர்."

அந்த வருட ஆயுத பூஜைக்கு வண்டி பளபளப்பாக இருக்க வேண்டும் என்று ஆள் வைத்துப் பூச வைத்தவர் அவரேதான். அந்தத் தாளில் 'லாயக்கில்லை' என்பதை அடித்துவிட்டு 'லாயக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அடுத்த சம்பள உயர்வு எனக்கு வரவில்லை. வராவிட்டால் போகட்டும் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஜீப் அதற்குப் பிறகு ஏழு வருடம் ஓடியது. நான் வேறு வேலைக்குப் போன பிறகு, வேறு யாரோ கையெழுத்துப் போட்டு அதை ஏலத்துக்கு அனுப்பினார்கள். பாயின் ஷெட் இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டிடம். அந்த ஆபீஸும் இல்லை. நாங்கள் பாட்டில் பிடித்த கிணறுகளில் பாதி லேஅவுட்டுகளுக்கு அடியில் கிடக்கின்றன. அந்தோணி அண்ணன் போயும் வருடங்கள் ஆயிற்று. நினைத்தால் எனக்கு அழுகை வருவதில்லை, கோபம்தான் வருகிறது.

ஏல யார்டுக்கு ஜீப்பைக் கடைசியாக ஓட்டிப் போனவர் அவர்தான். பட்டப்பகலில் ஹெட்லைட், பார்க்கிங் லைட் என்று இருக்கிற விளக்கையெல்லாம் போட்டுவிட்டு, சாவியை மட்டும் மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டார். அப்புறம் ஒருநாள் போனில் பேசியபோது, ஏன் அண்ணா அணைக்கவில்லை என்று கேட்டேன்.

"நல்லா எரியற வண்டிய நான் ஏன் மேடம் அணைக்கணும்? விக்கறவன் வந்து அணைக்கட்டும்."